பேரிடர் நடந்த பிறகு சாதாரண ஆளுங்க எப்படி உதவலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கயாவது நிலநடுக்கம், வெள்ளம், புயல்னு செய்தி வந்த அன்னைக்கே எல்லாருக்கும் மனசு பதறும், ஏதாவது பண்ணணும்னு தோணும், ஆனா என்ன பண்றதுன்னு தெரியாது. நான் நிவாரணப் பொருள் பிரிக்கற இடத்துல வாலண்டியரா வேலை பார்த்திருக்கேன், நிதி திரட்டற வேலையும் பண்ணியிருக்கேன். அப்ப திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன்.

பணம் குடுக்கறது நல்லதா, பொருள் குடுக்கறது நல்லதா?

பணம்தான். பத்துல ஒன்பது தடவை பணம்தான். காரணம் சொல்றேன். இன்னைக்கு அங்க தார்ப்பாய் வேணும், நாளைக்கு குளோரின் மாத்திரை வேணும், அடுத்த வாரம் ஸ்கூல் பை வேணும். தேவை நாளுக்கு நாள் மாறிக்கிட்டே இருக்கும், பணம் மட்டும்தான் அதுகூட சேர்ந்து மாறும். இன்னொண்ணு, பக்கத்து ஊர் கடைகள்ல வாங்கினா அந்த வியாபாரிக்கும் பொழப்பு திரும்ப வரும், அவரும் பாதிக்கப்பட்டவர்தானே.

தண்ணி பாட்டிலையே எடுத்துக்குங்க. அமெரிக்க அரசோட உதவி அமைப்புல பேரிடர் தகவல் மையத்தை நடத்தினவங்க ஒரு கணக்கு சொன்னாங்க. ஒரு லட்சம் லிட்டர் பாட்டில் தண்ணிய கடல் தாண்டி அனுப்பினா சுமார் 3 லட்சம் டாலர் ஆகும், அதே அளவு தண்ணிய அங்கயே மெஷின் வச்சு சுத்திகரிச்சா சுமார் 300 டாலர்தான். அந்த ஒரு லட்சம் லிட்டரும் 40,000 பேருக்கு ஒரு நாள் குடிக்க மட்டும்தான் வரும். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 15 லிட்டர் வேணும்னு ஸ்ஃபியர்ங்கற சர்வதேச நிவாரண அளவுகோல் சொல்லுது. பாட்டில் அனுப்பி அதை ஈடுகட்டவே முடியாது.

நல்ல நிலையில இருக்கற பழைய துணி நிறைய இருக்கு, அனுப்பலாமா?

யாரும் கேக்காம அனுப்பாதீங்க. இதைச் சொன்னா நிறைய பேருக்கு வருத்தமா இருக்கும், எனக்குப் புரியுது, ஆனா நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். ஒரு அட்டைப் பெட்டி வந்துச்சு, மேல பெரிய எழுத்துல "அன்புடன்"னு எழுதியிருந்தாங்க. பிரிச்சா மேல நல்ல சட்டை ரெண்டு மூணு, அதுக்கு கீழ ஜிப் போன கோட், ஒத்தைச் செருப்பு, அடியில ஈரத்தோட மடிச்சு வச்ச குழந்தை ஸ்வெட்டர். அந்த ஈரம் மேல வரைக்கும் ஏறி மொத்த பெட்டியும் பூஞ்சை பிடிச்சுப்போச்சு. அந்த மாதிரி ஒரு வேன் லோடை நாலு பேர் உக்காந்து பிரிக்க ஒரு பகல் முழுக்க போச்சு, பாதிக்கு மேல குப்பைக்குத்தான் போச்சு. அந்த நாலு பேரும் அன்னைக்கு வேற வேலை பார்த்திருக்கலாம்.

பெரிய அளவுலயும் இதே கதைதான். 1998ல மிட்ச் புயல் ஹோண்டுராஸை அடிச்சப்போ, கேக்காமலே வந்த பழைய துணியெல்லாம் விமான நிலைய ஓடுதளத்துலயே குவிஞ்சு கிடந்துச்சு, அவசர நிவாரணப் பொருளோட வந்த விமானம் இறங்க இடம் இல்லாம போச்சு. அதுல குளிர்கால உடுப்பும் இருந்துச்சு, ஹோண்டுராஸ் வெப்பமான நாடு. உதவிக்குப் போய் உபத்திரவமா முடியறதுன்னா இதுதான்.

உங்க துணி நல்ல துணின்னா உங்க ஊர்லயே பழைய துணி விக்கற அறக்கட்டளைக் கடையில குடுங்க, இல்ல நீங்களே வித்துட்டு அந்தப் பணத்தை அனுப்புங்க.

அப்போ பொருளே குடுக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?

இல்லவே இல்ல. களத்துல இருக்கற அமைப்பு ஒரு லிஸ்ட் போட்டு "இது இத்தனை வேணும், இந்த தேதிக்குள்ள, இந்த இடத்துல"ன்னு கேட்டா தாராளமா குடுங்க, அந்த லிஸ்ட்ல இருக்கறதை மட்டும். லிஸ்ட் எந்த தேதியில போட்டதுன்னும் பாருங்க, ஏன்னா நாலு நாள் பழைய லிஸ்ட்டை இன்னும் ஷேர் பண்ணிட்டே இருப்பாங்க, அங்க போர்வை மலை மாதிரி குவிஞ்சிருக்கும்.

பேக் பண்ற விதம் ரொம்ப முக்கியம். ஒரு பெட்டியில ஒரே பொருள். வெளிய நாலு பக்கமும் என்ன பொருள், என்ன சைஸ், எத்தனைன்னு எழுதுங்க. மேல சொன்ன அந்தப் பெட்டி வந்த அதே நாள் இன்னொரு பெட்டி வந்துச்சு, "பெண்கள் உள்ளாடை, புதுசு, மீடியம், 40"னு நாலு பக்கமும் எழுதி. பிரிக்கவே இல்ல, பத்து நிமிஷத்துல அடுத்த வண்டியில ஏத்திட்டோம். யார் அனுப்பினாங்கன்னு தெரியல, அவங்களுக்கு இன்னைக்கும் நன்றி சொல்லணும்போல இருக்கு. யாருமே யோசிக்காத பொருள் இதெல்லாம்தான், உள்ளாடை, சானிட்டரி நாப்கின், பெரியவங்களுக்கான டயப்பர், கைத்தடி, பவர் பேங்க். ஆனா இதையும் கேட்டுட்டே அனுப்புங்க.

வீட்ல மிச்சம் இருக்கற மாத்திரை மருந்து?

வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் இந்தோனேசியாவோட ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து குவிஞ்சுது. பின்னாடி கணக்கெடுத்துப் பார்த்தா அதுல சுமார் 60 சதவீதம் அந்த நாட்டோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே இல்லாதது, 70 சதவீதத்துல அங்க இருக்கறவங்களுக்குப் புரியாத மொழியில லேபிள். தேவையில்லாததைப் பாதுகாப்பா அழிக்கறதுக்கே தனியா செலவு. உலக சுகாதார நிறுவனத்தோட மருந்து நன்கொடை விதியிலயும் நோயாளிக்குக் குடுத்துட்டு மிச்சம் ஆனதை நன்கொடையா தரக் கூடாது, போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷம் காலாவதி மிச்சம் இருக்கணும்னுதான் இருக்கு. பாதி வெட்டின அட்டையில பேரும் தேதியும் இல்லாத மாத்திரைய எந்த டாக்டரும் தைரியமா குடுக்க மாட்டாங்க.

கைக்குழந்தைங்களுக்குப் பால் பவுடர் அனுப்பலாம்ல?

நல்ல மனசோட கேக்கற கேள்வி, ஆனா இதுதான் ரொம்ப ஆபத்தான நன்கொடை. பவுடரைக் கலக்க சுத்தமான தண்ணி வேணும், பாட்டிலைக் கொதிக்க வைக்கணும், பேரிடர் நடந்த இடத்துல அந்த ரெண்டும்தான் இல்ல. 2006ல இந்தோனேசியாவுல யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கு அப்புறம் நடத்தின ஆய்வுல, நன்கொடையா வந்த பால் பவுடர் கிடைச்ச குழந்தைங்கள்ல நாலுல ஒண்ணுக்கு வயித்துப்போக்கு, கிடைக்காத குழந்தைங்கள்ல அதுல பாதிதான். யூனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் பவுடர் நன்கொடை கேக்கவும் வேணாம் வாங்கவும் வேணாம்னு சொல்றாங்க. தாய்ப்பால் குடுக்கறவங்களுக்கு நல்ல சாப்பாடு, மறைவா உக்கார ஒரு இடம், அதுக்கு உதவினா அது நேரா குழந்தைக்குத்தான் போகும். தாய் இல்லாத குழந்தைங்களுக்கு பவுடர் கண்டிப்பா தேவைதான், அதை சுகாதார ஊழியர்கள் வாங்கி, கூட இருந்து கவனிச்சு குடுப்பாங்க.

எந்த அமைப்புக்கு பணம் அனுப்பறது?

அந்த இடத்துல பேரிடருக்கு முன்னாடியே வேலை பார்த்துட்டு இருந்தவங்களைத் தேடுங்க. அவங்களுக்குத்தான் சந்து பொந்து தெரியும், மொழி தெரியும், எந்த வீட்ல படுத்த படுக்கையா ஒரு பாட்டி இருக்காங்கன்னு தெரியும். செஞ்சிலுவை, செம்பிறை சங்கங்கள் 190க்கும் மேற்பட்ட நாடுகள்ல இருக்கு, அதனால அந்தந்த நாட்டு சங்கத்துக்கே குடுக்கலாம். சின்ன அமைப்புன்னா பதிவு எண் இருக்கா, போன வருஷக் கணக்கு வெளியிட்டிருக்காங்களா, இந்தப் பேரிடர்ல என்ன பண்றோம்னு தெளிவா சொல்றாங்களான்னு பாருங்க. அரசாங்க நிவாரண நிதி இருந்தா அதுவும் ஒரு வழி.

"நிர்வாகச் செலவு எவ்ளோ"ன்னு எல்லாரும் கேப்பாங்க. கேக்கலாம், ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. குடோன் வாடகை, டிரைவர் சம்பளம், கணக்கு எழுதற ஆள், இதெல்லாமும் நிர்வாகச் செலவுதான், இதெல்லாம் இல்லாம ஒரு பெட்டி கூட நகராது.

போலி வசூலை எப்படி கண்டுபிடிக்கறது?

அவசரப்படுத்துவாங்க, அதுதான் முதல் அடையாளம். "இன்னும் ஒரு மணி நேரத்துல அனுப்பினாதான்"னு சொல்றவங்க கிட்ட நிதானமா இருங்க. பெரிய அமைப்போட பேர் மாதிரியே ஒரு எழுத்து மாத்தி சைட் வச்சிருப்பாங்க, அதனால மெசேஜ்ல வர்ற லிங்க்கை அழுத்தாம நீங்களே அமைப்போட பேரைத் தேடி சைட்டுக்குப் போங்க. ஃபார்வர்டுல வர்ற கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணா யார் பேருக்குப் பணம் போகுதுன்னு திரையில வரும், அமைப்பு பேருக்கு பதிலா ஏதோ ஒரு தனி ஆள் பேர் வந்தா அப்படியே நிறுத்திடுங்க. கிஃப்ட் கார்டாவோ கிரிப்டோவாவோ மட்டும் கேட்டா சந்தேகமே வேணாம், விலகிடுங்க. ரசீது கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க, நேர்மையானவங்க கோவப்பட மாட்டாங்க. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சா உடனே பேங்க்குக்கு போன் பண்ணுங்க, அப்புறம் போலீஸ் சைபர் பிரிவுல புகார் குடுங்க.

ஒரு குடும்பத்துக்குன்னு தனியா நிதி திரட்டறாங்க, அதுல போடலாமா?

திரட்டறவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா, இல்ல உங்களுக்குத் தெரிஞ்சவருக்குத் தெரிஞ்சவரா இருந்தா போடுங்க. பணம் யார் அக்கவுண்ட்டுக்குப் போகுது, அந்தக் குடும்பத்துக்கு இது தெரியுமான்னு கேளுங்க. இந்த மாதிரி வசூல்ல ஒரு குறை இருக்கு, போன், இன்டர்நெட், நல்லா எழுதத் தெரிஞ்ச சொந்தக்காரங்க இருக்கற குடும்பத்துக்குத்தான் பணம் சேரும், அது எதுவும் இல்லாத குடும்பம் அதே தெருவுலயே விட்டுப்போகும். அதனால நான் ஒரு பங்கு தெரிஞ்சவங்களுக்கும் ஒரு பங்கு அமைப்புக்கும்னு பிரிச்சுக்குவேன்.

"இந்தப் பேரிடருக்கு மட்டும்"னு குறிப்பிட்டு குடுக்கலாமா?

குடுக்கலாம், தப்பில்ல. ஆனா "எங்க தேவையோ அங்க"ன்னு குடுத்தா அவங்களுக்கு இன்னும் வசதி. 2004 சுனாமி நடந்து ஒரு வாரத்துலயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு "சுனாமி வேலைக்குப் போதுமான பணம் வந்துடுச்சு, இனிமே அனுப்பாதீங்க"ன்னு வெளிப்படையா சொன்னாங்க, ஏற்கனவே குடுத்தவங்க கிட்ட மிச்சத்தை வேற நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமான்னு அனுமதி கேட்டாங்க. பெரும்பாலானவங்க சரின்னுட்டாங்க. வர்ற பணத்தை வேணாம்னு சொல்ல ஒரு அமைப்புக்கு எவ்ளோ நேர்மை வேணும். டிவியில வராத பேரிடர்கள் நிறைய இருக்கு, அங்க இருக்கறவங்களுக்கும் பசிதான்.

உடனே ரத்தம் குடுக்க ஓடணுமா?

ரத்த வங்கி கேட்டா ஓடுங்க. கேக்கலன்னா பேரைப் பதிஞ்சு வச்சுட்டு கொஞ்ச நாள் கழிச்சு குடுங்க. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வச்சிருக்க முடியும், தட்டணுக்கள் அஞ்சிலேருந்து ஏழு நாள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல லட்சக்கணக்கானவங்க வரிசையில நின்னு ரத்தம் குடுத்தாங்க, ஆனா காயம்பட்டவங்களுக்குத் தேவைப்பட்டது 300 யூனிட்டுக்கும் கம்மி, நிறைய ரத்தம் காலாவதியாகிப்போச்சு. அதோட ஒரே நாள்ல எல்லாரும் குடுத்துட்டா அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு அதே ஆளுங்களால குடுக்க முடியாது. பேரிடர் நடந்த முதல் மணி நேரத்துல உயிரைக் காப்பாத்தறது ஏற்கனவே ஃப்ரிட்ஜ்ல இருக்கற ரத்தம்தான். அதனால வருஷம் முழுக்க முறையா குடுக்கறவங்கதான் உண்மையில பேரிடருக்கு உதவறாங்க.

நேர்ல போய் உதவலாமா?

நீங்க அந்தப் பகுதியிலயே இருந்தா, நீங்கதான் முதல் மீட்புக் குழு. எந்த நிலநடுக்கத்தை எடுத்துக்கிட்டாலும் இடிபாட்டுக்குள்ள இருந்து உயிரோட வெளிய வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களைத் தூக்கினது அக்கம்பக்கத்துக்காரங்கதான். 1985 மெக்சிகோ சிட்டி நிலநடுக்கத்துல இடிபாட்டுக்குள்ள புகுந்து ஆளுங்களை இழுத்த சாதாரண இளைஞர்கள் சேர்ந்துதான் பின்னாடி "டோப்போஸ்"னு ஒரு மீட்புக் குழுவாவே ஆனாங்க, அந்த சொல்லுக்கு அகழெலின்னு அர்த்தம்.

வெளியூர்ல இருந்து போறது வேற. யாரும் கூப்பிடாம, எந்த அமைப்புலயும் பதியாம போனா, அங்க ஏற்கனவே தட்டுப்பாடா இருக்கற சாப்பாடு, தண்ணி, படுக்க இடம் எல்லாத்துலயும் நீங்களும் ஒரு பங்கு கேக்கற மாதிரி ஆயிடும், ரோடும் அடைச்சுக்கும், ஆம்புலன்ஸ் நிக்கும். 1995 ஜனவரியில ஜப்பான்ல கோபே நிலநடுக்கத்துக்கு 10 லட்சத்துக்கும் மேல வாலண்டியர்கள் வந்தாங்க, அந்த வருஷத்தையே அங்க தன்னார்வத்தோட முதல் ஆண்டுன்னு சொல்வாங்க. ஆனா வந்தவங்களை யார் எங்க அனுப்பறதுன்னு ஆரம்பத்துல ஏற்பாடே இல்ல. அதுக்கப்புறம் வந்த முறைதான் பேரிடர் வாலண்டியர் மையம். போன உடனே பேர் பதியணும், இன்சூரன்ஸ் எடுத்திருக்கணும், சாப்பாடு, தண்ணி, கையுறை, பூட்ஸ், தங்கற ஏற்பாடு எல்லாம் நீங்களே கொண்டு வரணும், எந்த வீட்ல என்ன வேலைன்னு மையம்தான் சொல்லும். எந்த ஊருக்குப் போனாலும் இதே மாதிரி போங்க.

தனித்திறமை இருந்தா விஷயமே வேற. 2018 கேரள வெள்ளத்துல மீனவர்கள் தங்களோட படகையே லாரியில ஏத்திட்டு வந்து ஆயிரக்கணக்கானவங்களை மீட்டாங்க, ஏன்னா தண்ணியும் படகும் அவங்களுக்குக் கை வந்த வேலை. உங்களுக்கு நர்சிங் தெரியுமா, எலக்ட்ரிக்கல் வேலை தெரியுமா, அந்த மொழி பேசுவீங்களா, அதைப் பதியும்போதே சொல்லுங்க.

வெள்ளம் வடிஞ்ச வீட்டை சுத்தம் பண்ணப் போறேன், என்ன கவனிக்கணும்?

மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆயிருக்குன்னு உறுதி ஆகற வரைக்கும் உள்ள கால் வைக்காதீங்க. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கணும். கெட்டியான பூட்ஸ், ரப்பர் கையுறை, மாஸ்க் இல்லாம சேத்துல இறங்காதீங்க, அந்த சேத்துல சாக்கடையும் கண்ணாடியும் பாம்பும் எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். கால்ல புண்ணு இருந்தா எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு அதிகம், அதனால அங்க இருக்கற மெடிக்கல் டீம் கிட்ட கேட்டுக்குங்க. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள ஓட்டவே கூடாது, அதோட புகையில இருக்கற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும்.

இன்னொண்ணு, எதையும் நீங்களா தூக்கிப் போடாதீங்க. உங்களுக்கு சேறு படிஞ்ச காகிதம், அவங்களுக்கு அது பத்திரமா இருக்கலாம், இல்ல செத்துப்போனவரோட ஒரே போட்டோவா இருக்கலாம். ஒவ்வொண்ணையும் காட்டிக் கேட்டுட்டு போடுங்க, மெதுவா ஆனாலும் பரவால்ல.

வீட்ல உக்காந்தே ஏதாவது பண்ண முடியுமா?

தாராளமா. ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு ஒண்ணு இருக்கு, யார் வேணா திருத்தக்கூடிய இலவச உலக வரைபடம். 2010 ஜனவரியில ஹைட்டி நிலநடுக்கம் நடந்தப்போ தலைநகருக்கே சரியான வரைபடம் இல்ல, உலகம் முழுக்க நூத்துக்கணக்கான பேர் வீட்ல உக்காந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து ரோடு, கட்டடம், முகாம் எல்லாத்தையும் வரைஞ்சாங்க, மீட்புக் குழுக்கள் அதை வச்சுதான் வழி கண்டுபிடிச்சாங்க. 2015 நேபாள நிலநடுக்கத்துல இதே வேலைய ஆயிரக்கணக்கானவங்க பண்ணாங்க. கம்ப்யூட்டரும் பொறுமையும் போதும், அரை மணி நேரத்துல கத்துக்கலாம். இது தவிர மொழிபெயர்ப்பு, ஹெல்ப்லைன்ல போன் எடுக்கறது, அமைப்புக்கு கணக்கு எழுதித் தர்றதுன்னு நிறைய இருக்கு.

வர்ற தகவலை எல்லாம் ஷேர் பண்றது உதவிதானே?

சரியா இருந்தா உதவி. "இந்த மாடியில 12 பேர் மாட்டிக்கிட்டாங்க"ன்னு ஒரு மெசேஜ் வருது, அவங்களை நேத்தே மீட்டிருப்பாங்க, அது தெரியாம இன்னொரு படகு அங்க போய் திரும்பும், அந்த நேரத்துல வேற யாரோ காத்துட்டு இருப்பாங்க. ஷேர் பண்றதுக்கு முன்னாடி அந்த நம்பருக்கு ஒரே ஒரு போன். தேதியும் நேரமும் போடுங்க. முடிஞ்சதும் "மீட்டாச்சு"ன்னு திரும்பவும் போடுங்க, இதை மறந்துடறாங்க.

பாதிக்கப்பட்டவங்க கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல...

நிறைய பேச வேணாம். உளவியல் முதலுதவின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லித் தர்றது மூணு வேலைதான், பாருங்க, கேளுங்க, இணைச்சு விடுங்க. யாருக்கு உடனடித் தேவைன்னு பாருங்க, அவங்க பேசினா கேளுங்க, அப்புறம் சாப்பாடோ டாக்டரோ சொந்தக்காரங்களோ, அவங்களோட சேர்த்து விடுங்க. "என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னு தோண்டாதீங்க. "உயிராவது மிஞ்சுச்சே"ன்னு சொல்லாதீங்க, வீட்டையும் ஆளையும் இழந்தவங்களுக்கு அது ஆறுதல் இல்ல. ஒரு அம்மா என் பக்கத்துல ஒரு மணி நேரம் எதுவும் பேசாம உக்காந்திருந்தாங்க, கடைசியில "கொஞ்சம் போன் சார்ஜ் போட்டுத் தர்றியா"ன்னு கேட்டாங்க, மகன் போன் பண்ணுவான்னு காத்துட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்குத் தேவைப்பட்டது அதுதான்.

குடுக்கும்போது போட்டோ எடுக்காதீங்க, நன்கொடையாளருக்குக் கணக்கு காட்டணும்னா பெட்டியை எடுங்க, முகம் வேணாம்.

பசங்களும் ஏதாவது குடுக்கணும்னு ஆசைப்படறாங்க

அவங்க சேர்த்து வச்ச பணத்தை அவங்க கையாலயே குடுக்கச் சொல்லுங்க. பொம்மை வேணாம். 2012ல அமெரிக்காவுல நியூடவுன் ஊர்ல பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு 30,000 பேர் கூட இல்லாத அந்த ஊருக்கு 60,000க்கும் மேல கரடி பொம்மைகள் வந்துச்சு, வைக்க குடோன் தேட வேண்டியதாப் போச்சு.

என் கிட்ட பெருசா பணம் இல்ல, சின்னத் தொகை அனுப்பி என்ன ஆகப்போகுது?

ஹைட்டி நிலநடுக்கத்தப்போ அமெரிக்காவுல ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினா 10 டாலர் செஞ்சிலுவைக்குப் போகும்னு வச்சாங்க, அப்படி பத்து பத்தா சேர்ந்து 3 கோடி டாலருக்கும் மேல வந்துச்சு. அனுப்புங்க.

எப்போ குடுக்கறது நல்லது, இப்பவா அப்புறமா?

முதல் வாரம் எல்லாரும் குடுப்பாங்க. மூணாவது மாசம் கேமரா போயிருக்கும், முகாம்ல மழை ஒழுகும், பசங்க ஸ்கூலுக்குப் போக யூனிஃபார்ம் இருக்காது, தையல் மெஷின் போனவங்களுக்கு வேலை இருக்காது, வீட்டு ஆவணம் திரும்ப வாங்க ஆபீஸ் ஆபீஸா அலைவாங்க. நான் என்ன பண்றேன்னா, குடுக்கலாம்னு நினைச்ச தொகைய ரெண்டாப் பிரிச்சு பாதிய உடனே அனுப்பிடுவேன், மீதிக்கு போன்ல ஆறு மாசம் தள்ளி ஒரு ரிமைண்டர் வச்சுடுவேன், அது அடிக்கற அன்னைக்கு அதே அமைப்புக்கு போன் போட்டு "இப்ப அங்க என்ன தேவை"ன்னு கேட்டுட்டு அனுப்புவேன். போன தடவை கேட்டப்போ கதவுன்னு சொன்னாங்க. வீடு எழும்பிடுச்சு, சுவர் இருக்கு, கூரை இருக்கு, முப்பது வீட்டுக்கு இன்னும் கதவு போடல, ராத்திரி பொண்ணுங்க தூங்க பயப்படறாங்கன்னாங்க.